ஓலை கறுத்துவிட்டது, மருந்தடிக்கலாமா? உடுமலைத் தம்பிக்கு ஒரு நீளமான பதில்

உடுமலைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அப்பாவின் பூமிக்குத் திரும்பியவர். நாலு ஏக்கர் தென்னை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் வரும்போது மூன்று ஏக்கர் மக்காச்சோளம். அவர் கேட்டது இதுதான்: "தென்னை ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி கறுத்துக் கெடக்குதுங்க. பக்கத்துத் தோட்டத்து மாமன் டிராக்டர் ஸ்பிரேயர் வெச்சு மருந்தடிக்கச் சொல்றாரு. நீ அடிக்கலீன்னா எம்பட தோப்புக்கும் வரும்ங்கிறாரு. ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைன்னு கூட்டத்துல பேசுறாங்களே, அது நெசமாவே நடக்குமுங்களா, இல்ல மேடைப் பேச்சா?" கடைசியில் ஊர்க் கொசுவைப் பற்றியும் ஒரு வரி.

நடக்கும் தம்பி. ஆனால் கூட்டத்தில் சொல்கிற வரிசையில் நடக்காது. அங்கே உழவியல் முறை, கைவினை முறை, உயிரியல் முறை, கடைசியாக ரசாயனம் என்று ஓர் அட்டவணையைக் காட்டுவார்கள். டீ, வடை, நோட்டீஸ், போட்டோ, முடிந்தது. முப்பது வருசத்துக்கு மேல் வேளாண் துறையில் இருந்து அந்த அட்டவணையை ஊர் ஊராக வாசித்தவன்தான் நானும். ஓய்வு பெற்று ஆனைமலைப் பக்கம் மூன்று ஏக்கர் தோப்போடு உட்கார்ந்த பிறகுதான் அதில் ஒரு வரி விட்டுப்போயிருப்பது உறைத்தது. எப்போது ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்கிற வரி. உங்கள் தென்னைக்கு இப்போது வேண்டியது அதுதான். டிராக்டர் ஸ்பிரேயர்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள்.

ஓலை கறுப்பது நோய் இல்லை. விரலால் தேய்த்துப் பாருங்கள், கரி ஒட்டிக்கொண்டு வரும், அடியில் பச்சை அப்படியே இருக்கும். அது கரும்பூசணம். ஓலைக்குள் இறங்கி எதையும் உறிஞ்சுவதில்லை, மேலாகப் படர்ந்து வெயிலை மறைக்கிறது. அதற்குத் தீனி மேல் மட்டையிலிருந்து வருகிறது. மேல் மட்டை ஓலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் வெள்ளை மெழுகால் சுருள் சுருளாகக் கோலம் போட்டது போல் இருக்கும். சுருள் வெள்ளை ஈ முட்டையிட்ட இடம் அது. சாற்றை உறிஞ்சிவிட்டு மிச்சத்தைப் பாகாகச் சொட்டவிடும். மேல் மட்டைக்காரன் சிந்துகிறான், கீழ் மட்டை கறுக்கிறது. மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. இந்தியாவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது நம் பொள்ளாச்சியில், 2016-ல். பிறகு கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னை இருக்கிற சீமையெல்லாம் பார்த்துவிட்டது.

அது வந்த புதிதில் நானும் பயந்தேன். வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிற மரங்களுக்கு மட்டும், ஒரு கடைக்காரர் கலந்து கொடுத்த இரண்டு மருந்தையும் ஆள் வைத்து அடித்தேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் செய்த வேலை அது. ஒரு வாரம் நன்றாக இருந்தது. பறக்கிற ஈ எல்லாம் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்து, பரவாயில்லை, போட்ட பணம் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றரை மாசம் கழித்து, அடித்த மேற்குப் பக்கம்தான் கரியாகக் கிடந்தது. அடிக்காத கிழக்குப் பக்கம் அவ்வளவு மோசமில்லை. ஏன் என்று ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும்.

ஸ்டாம்ப் சேகரிக்கிறவர்கள் வைத்திருப்பார்களே, பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற மடக்கு லென்ஸ், அது போதும். நடு மட்டையில் ஓர் ஓலையை அறுத்து, அடிப்பக்கத்தை மேலே திருப்பி, வெயில் படுகிற மாதிரி பிடியுங்கள். வெள்ளைப் பஞ்சை வாயால் ஊதினால் அடியில் தட்டையாக, ஓலையோடு ஒட்டிய கூடுகள் தெரியும். இளமஞ்சளாகச் சாறோடு இருந்தால் உள்ளே ஈ வளர்கிறது. கறுத்திருந்தால் உள்ளே வளர்வது ஈ இல்லை, அதைத் தின்கிற குளவிக் குஞ்சு. காலிக் கூடு கிடைத்தால் ஓட்டையைப் பாருங்கள். ஈ வெளியே வந்திருந்தால் கூட்டின் முதுகு ஆங்கில ‘டி’ (T) எழுத்து மாதிரி கிழிந்திருக்கும். குளவி வந்திருந்தால் ஊசியால் குத்தியது மாதிரி வட்டமாக ஓர் ஓட்டை. அந்தக் குளவியின் பெயர் என்கார்சியா. கடுகில் கால்வாசிகூட இருக்காது, கொட்டவும் தெரியாது. வெள்ளை ஈயின் பின்னாலேயே, யாரும் வரவழைக்காமல், தானாக வந்து சேர்ந்தது அது.

இப்போது மருந்தை நினைத்துப் பாருங்கள். ஈக்குஞ்சு மெழுகுப் போர்வைக்குள், ஓலையின் அடிப்பக்கம், நாற்பது அடி உயரத்தில் இருக்கிறது. குளவிக்குப் போர்வை கிடையாது, ஓலை மேல் நடந்து திரிகிறது. தரையிலிருந்து பீய்ச்சுகிற மருந்து யார் மேல் முதலில் படும்? என் மேற்குத் தோப்பில் நான் கொன்றது குளவியை. ஈ மிச்சமிருந்தது, அதைத் தின்ன ஆள் இல்லை.

மருந்துக்குப் பதில் செய்யக்கூடியவை கொஞ்சம் உண்டு. ஒன்றரை அடி அகலம் ஐந்தடி நீளத்தில் மஞ்சள் பாலித்தீன் தாளை விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு எட்டு என்கிற கணக்கில் மரங்களுக்கு நடுவே ஆள் உயரத்தில் கட்டுங்கள். பறக்கிற ஈ ஒட்டிக்கொள்ளும். சின்ன மரமாக இருந்தால் வெறும் தண்ணீரை வேகமாக ஓலையின் அடிப்பக்கம் பீய்ச்சினாலே பாதி உதிரும். கரி தொந்தரவாக இருந்தால் லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சித் தெளிக்கலாம். காய்ந்தவுடன் கரியையும் சேர்த்து உரித்துக்கொண்டு பொரிந்து விழும். அதையும் நான் கைக்கெட்டுகிற கன்றுகளுக்குத்தான் செய்வேன், பெரிய மரத்துக்கு மழை இருக்கிறது. குளவி வந்த தோப்பிலிருந்து, கறுத்த கூடுள்ள ஓலைத் துண்டுகளை ஏக்கருக்குப் பத்து கொண்டுவந்து, மஞ்சள் தாளைக் கழற்றிவிட்டு, மரங்களில் செருகிவிடுங்கள். தாளை விட்டுவைத்தால் குளவியும் அதில் ஒட்டிச் செத்துப்போகும், பலர் மறந்துவிடுகிற விஷயம் இது. தோப்புக்குள் அங்கங்கே வாழையோ கல்வாழையோ இருந்தால் வெள்ளை ஈ அதிலும் உட்காரும், கூடவே குளவியும் பெருகும், கோடையிலும் குளவி அறுந்துபோகாது. மாசியிலிருந்து சித்திரை வரை ஈ ஏறும், மழை விழுந்தால் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை இரண்டு வருசம் பார்த்துவிட்டீர்கள் என்றால் பயம் போய்விடும்.

நம் சீமைக்கு இது முதல் அனுபவமும் இல்லை. பப்பாளி மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். 2008-ல் கோயமுத்தூரில்தான் இந்தியாவிலேயே முதலில் அகப்பட்டது. மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. பப்பாளி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, தேக்கு, ரோட்டோரப் பார்த்தீனியம் என்று ஒன்றையும் விடவில்லை. மல்பெரியில் ஏறியபோதுதான் வயிற்றில் அடித்தது. உடுமலையிலும் கோபியிலும் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் மருந்தடித்த இலையைப் போட்டால் புழு செத்தது, அடிக்காவிட்டால் போட இலை இல்லை. ஓர் அம்மா முழுத் தோட்டத்து மல்பெரியையும் தரையோடு வெட்டி, களத்தில் போட்டுக் கொளுத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்களிடம் சொல்வதற்கு அப்போது ஒன்றும் இல்லை.

2010-ல் பெங்களூரிலிருக்கிற மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், அமெரிக்க வேளாண் துறை வழியாகப் போர்ட்டோ ரிகோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அதில் அசரோபேகஸ் பப்பாயே என்பது நம் ஊரில் நிலைத்துக்கொண்டது. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் அதைப் பெருக்கினார்கள். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன் மேல் குளவியை விட்டு, டப்பா டப்பாவாகக் கொடுத்தார்கள். வாங்கிப் போன தோட்டக்காரர்களுக்கு வைத்த நிபந்தனை ஒன்றுதான்: இனிமேல் மருந்தடிக்காதீர்கள். கேட்டவர்களின் தோட்டத்தில் சில மாசத்தில் மாவுப்பூச்சி அடங்கியது. கேட்காதவர்களுக்கும் கொஞ்சம் தாமதமாக அடங்கியது, குளவிக்கு வேலி தெரியாதல்லவா. இன்று பப்பாளியில் மாவுப்பூச்சியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பிறகு 2020-ல் மரவள்ளிக்கென்றே தனியாக ஒரு மாவுப்பூச்சி கேரளம் வழியாக வந்து நாமக்கல், சேலம் பக்கம் காட்டைக் காலிபண்ணியபோதும், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி கொண்டுவந்துதான் சமாளித்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் அதைப் போலவே வெள்ளையாக, ஆனால் பெரிதாக, வேகமாக ஓடுகிற ஒன்று இருந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டின் குஞ்சு. அதே மாதிரி குரங்கு முகத்தை அச்செடுத்தது போல ஒரு கூட்டுப்புழு இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் தூக்கிப்போடத் தோன்றும். அதன் புழுப் பருவத்துக்குச் சாப்பாடே மாவுப்பூச்சிதான். பண்ணையத்தில் நாம் செய்கிற கொலைகளில் பாதி ஆள்மாறாட்டம்.

மக்காச்சோளத்துக்கு வருகிறேன். அங்கே கை கட்டிக்கொண்டு இருந்தால் வெள்ளாமை வீடு வராது, அதுவும் உண்மை. படைப்புழு 2018-ல் கர்நாடகத்தில் நுழைந்து அந்த வருசமே நம் காட்டுக்கும் வந்துவிட்டது. அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில் நூறு கிலோமீட்டர்கூடப் பறக்கும். அதனால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மருந்தடித்தார், அடிக்கவில்லை என்கிற சண்டைக்கு மக்காச்சோளத்தில் பெரிய அர்த்தம் இல்லை. இங்கே வேண்டியது எண்ணிக்கை.

பூச்சி இருந்தாலே அடி என்பது பழைய புத்தி. 1959-ல் கலிபோர்னியாவில் நாலு பூச்சியியல்காரர்கள் சேர்ந்து ஒரு கணக்கை எழுதிவைத்தார்கள். பூச்சி தின்கிற தீனியின் மதிப்பு, அதைத் தடுக்க ஆகிற செலவைத் தாண்டப் போகிற கட்டம் வரும்வரை கையை நீட்டாதே. இதைத்தான் பொருளாதார சேதநிலை என்று கூட்டத்தில் வாய் வலிக்கச் சொல்கிறோம். நம் அப்பாருகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், எலிக்குக் கொஞ்சம் கம்பு விட்டுவைத்தவன் எலிக்காகக் களஞ்சியத்தைக் கொளுத்த மாட்டான்.

எண்ணுவது எப்படி என்றால், விதைத்த எட்டாம் நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள், வெயில் ஏறுவதற்கு முன்னால், காட்டுக்குள் கோணல்மாணலாக நடங்கள். வரப்போரச் செடிகளை விட்டுவிடுங்கள், அவை எப்போதும் பொய் சொல்லும். ஐந்து இடத்தில் நின்று ஒவ்வோர் இடத்திலும் வரிசையாக இருபது செடி. மொத்தம் நூறு, சதவீதம் போடுவதும் சுலபம். இலையில் சுரண்டின மாதிரி வெள்ளைத் திட்டு, காகிதத்தில் துளை போட்டது மாதிரி வரிசை ஓட்டை, குருத்துக்குள் ஈர மரத்தூள் மாதிரி எச்சம், இந்த மூன்றில் ஒன்று இருந்தால் ஒரு கோடு. புழுவைப் பிடித்தால் தலையைப் பாருங்கள், தலைகீழாக ஆங்கில ஒய் எழுத்துப் போட்டிருக்கும், வால் பக்கம் சதுரத்துக்கு நாலு புள்ளி இருக்கும். முதல் மாசத்தில் நூற்றுக்கு ஐந்து செடிக்குக் கீழே என்றால் திரும்பி வந்து காப்பி குடியுங்கள். ஐந்தைத் தாண்டினால் வேப்பங்கொட்டைக் கரைசல். செடி வளர்ந்த பிறகு பத்து வரை பொறுக்கலாம். பூட்டை, அதாவது உச்சிப் பூங்கதிர், வெளியே வந்துவிட்டால் மருந்தே வேண்டாம். உள்ளே போய் அடிக்கவும் முடியாது, அடித்தாலும் ஆளுக்குத்தான் ஆகாது, தட்டை மாட்டுக்கும் போட முடியாது.

உழவின்போது ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம் புண்ணாக்கு போட்டு ஆழ உழுதால் மண்ணுக்குள் இருக்கிற கூட்டுப்புழு மேலே வந்து மைனாவுக்கும் கரிச்சானுக்கும் போகும். வரப்பைச் சுற்றித் தட்டைப்பயிறு போடுங்கள், அதில் பொறிவண்டு பெருகும். முட்டைக் குவியல் இலையில் பூனை மயிர் ஒட்டினது மாதிரி தெரியும், ஒன்றில் நூறு இருநூறு முட்டை. அதைக் கிள்ளி நசுக்குகிற ஒரு நிமிசம் இருநூறு புழுவுக்குச் சமம். குருத்தில் புழு விழுந்துவிட்ட செடிக்கு, ஒன்பது பங்கு மணலில் ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து ஒரு சிட்டிகை போட்டால் போதும். எங்கள் ஊரில் களை எடுக்க வந்த ஆத்தாமார்கள் மடியில் மணலைக் கட்டிக்கொண்டு களையோடு களையாக இதையும் முடித்துவிட்டார்கள், தனிக் கூலி ஆகவில்லை. புழு தின்கிற பறவை உட்காரக் குச்சி, அதுதான் பறவைத் தாங்கி, நடச் சொன்னால்தான் சிரித்தார்கள்: "ஏனுங்க, இருக்கிற மயிலுக்கே சோளம் பத்தலீங்க, தாங்கி வேற வெச்சுக் கூப்பிடோணுமா?" அந்த நியாயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. குச்சியை ஆள் உயரத்துக்கு, கரிச்சான் உட்கார்கிற கனத்தில் மெலிதாக நட்டால் மயில் ஏறாது என்பது மட்டும் அனுபவம்.

வேப்பங்கொட்டைக் கரைசலைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் இதைத் தப்பாகச் செய்துவிட்டு வேம்பு வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம். ஆனி ஆடியில் விழுகிற பழத்தைப் பொறுக்கித் தோலெடுத்து நிழலில் உலர்த்தி வையுங்கள். வெயிலில் காய்ந்ததிலும் பூஞ்சணம் பிடித்ததிலும் வருசம் தாண்டியதிலும் சத்து இல்லை. ஐந்து கிலோ பருப்பை இடித்து, துணியில் முடிந்து, ராத்திரி முழுக்கப் பத்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் பால் வருகிற வரை பிழிந்து, நூறு லிட்டராக்குங்கள். காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்தால் இலையில் ஒட்டும். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் சீக்கிரம் கெடும், அதனால் பொழுதோட அடியுங்கள். இது பூச்சியை அந்த இடத்திலேயே சாய்க்கிற சரக்கு இல்லை. தின்னவிடாது, தோலுரிக்கவிடாது, மூன்று நாலு நாள் ஆகும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு, சாகவில்லையே என்று கடைக்கு ஓடுகிறவர்களுக்கு வேம்பு சரிப்படாது.

மெட்டாரைசியம், பிவேரியா என்று பூச்சிக்கு நோய் கொடுத்துக் கொல்கிற பூஞ்சாணப் பொடிகள் விற்கிறார்கள். நல்லவைதான், ஆனால் உயிருள்ளவை. கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருந்தால் வாங்காதீர்கள், தேதி பாருங்கள். ஈரம் இருந்தால்தான் முளைக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உலர்த்தி எடுக்கிற மாசங்களில் நம் காட்டில் அதை அடிப்பது விதையைப் பாறையில் தெளிப்பது மாதிரி. ஐப்பசி கார்த்திகையில் அடியுங்கள். பஞ்சகவ்யத்தைப் பற்றியும் கேட்பீர்கள். பயிருக்குத் தெம்பு கொடுக்கும், நானும் விடுகிறேன். பூச்சி மருந்தாக அதை நம்பி உட்காராதீர்கள். சின்ன வெங்காயத்தில் இலைப்பேனிடம் இந்த எல்லாவற்றையும் வைத்துக்கொண்டும் நான் இரண்டு தடவை தோற்றிருக்கிறேன். அது தனிக் கதை.

தென்னையில் நிஜமாகப் பயப்பட வேண்டியது வெள்ளை ஈக்கு இல்லை, காண்டாமிருக வண்டுக்கு. விரிந்த ஓலையைக் கத்திரியால் முக்கோணமாக வெட்டின மாதிரி இருந்தால் அது குருத்தில் குடைந்த அடையாளம். குடைந்த புண்ணில்தான் சிவப்புக் கூன்வண்டு முட்டை வைக்கும், கூன்வண்டு நுழைந்த மரம் கொண்டை சாய்கிற அன்றுதான் நமக்குத் தெரியும். இந்த வண்டைப் பெற்று வளர்ப்பது யார் என்றால் நம் எருக்குழிதான். சாணிக்குழியைக் கிளறினால் கட்டைவிரல் தடிமனில், சுருண்டு, வெள்ளை வெள்ளையாகக் கிடக்குமே, அதேதான். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை குழியைப் புரட்டிப் புழுவைக் கோழிக்குப் போடுங்கள், மெட்டாரைசியத்தைக் குழியில் கலந்துவிடுங்கள், அங்கே ஈரமும் நிழலும் இருப்பதால் அருமையாக வேலை செய்யும். செத்த மரத்தை அடியோடு எடுத்து எரியுங்கள். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்துச் சட்டிகளில் ஊற்றி வைத்தால் வண்டு வந்து விழும். குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் ஒன்றுக்கு இரண்டாகக் கலந்து போடுங்கள். பச்சை மட்டையை மரத்தோடு ஒட்டி வெட்டாதீர்கள், நாலடி விட்டு வெட்டுங்கள். வெட்டுவாய் வாசம் கூன்வண்டுக்குப் பந்தி விரித்தது மாதிரி.

உங்கள் மாமன் சொன்னது இந்த இடத்தில் பாதி சரி. உங்கள் குழியைச் சுத்தமாக வைத்திருந்து, அவர் தோப்பில் நாலு செத்த மரம் நின்றுகொண்டிருந்தால் வண்டு அங்கிருந்து வரும். வண்டின் வாசத்தைக் காட்டி வண்டை இழுக்கிற இனக்கவர்ச்சிப் பொறியை நீங்கள் ஒருவர் மட்டும் தோப்பு நடுவில் வைத்தால் ஊர் வண்டையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்ததாகிவிடும். வருவதில் எல்லாமே பொறிக்குள் விழாது, கொஞ்சம் பக்கத்து மரத்தில் தங்கிவிடும். இருபது முப்பது தோட்டம் சேர்ந்து, எல்லையோரமாக, ஒரே வாரத்தில் வைத்தால்தான் அது பொறி. மக்காச்சோளத்திலும் அப்படித்தான். பி.ஏ.பி.யில் நமக்கு மண்டலக் கணக்கில் தண்ணீர் விடுகிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு மடைக்காரர்கள் எல்லாரும் விதைத்துவிட்டால் படைப்புழுவுக்கு ஒரே பருவத்துச் செடிதான் கிடைக்கும். நான் இன்று, நீ அடுத்த மாசம் என்று விதைத்தால் அதற்கு வருசம் முழுக்க இளங்குருத்து. வாய்க்கால் முறைக்காக ஏற்கனவே கூடிப் பேசுகிற சங்கம் இருக்கிறது. புதிதாகக் குழு, லெட்டர்பேடு எதுவும் வேண்டாம், முறை பேசுகிற அன்று விதைப்புத் தேதியையும் பேசிவிடுங்கள்.

கிளுவை வேலி இருந்தால் பிடுங்காதீர்கள். கம்பி வேலி போடுகிற மோகத்தில் நம் சீமையில் கிளுவையும் வெள்வேலும் கொழுக்கட்டைப்புல் கொறங்காடும் (மேய்ச்சல் காடு) குறைந்துகொண்டே வருகின்றன. வேலியோரத்தில் பூக்கிற களைப்பூவில்தான் குளவிக்குத் தேன், அதன் நிழலில்தான் சிலந்திக்கு வீடு.

ரசாயனம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கினால் டப்பாவில் முக்கோணத்தின் நிறம் பாருங்கள். சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. ஒரே டேங்கில் மூன்று நாலு மருந்தைக் கலக்காதீர்கள், எது வேலை செய்தது என்று எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. தென்னைக்கு வேரில் மோனோகுரோட்டோபாஸ் கட்டுவது நம் பக்கம் வெகுகாலம் நடந்தது. கட்டினால் 45 நாள் காய் இறக்கக் கூடாது என்பது விதி. இளநீர் வியாபாரி லாரியோடு வந்து நின்றால் அந்த விதியை யார் பார்த்தார்கள்? 2023-ல் அந்த மருந்தை நிறுத்த மத்திய அரசு உத்தரவு போட்டது. பழைய டப்பா தோட்டத்துச் சாளையில் (குடிசையில்) இருந்தால் அதைக் கிணற்றோரமோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள், காலி டப்பாவை ஓட்டைபோட்டு வையுங்கள், அதில் எண்ணெய் பிடித்து வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர்க் கொசுவைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். புகை அடிப்பது அங்கே டிராக்டர் ஸ்பிரேயர் மாதிரிதான், பறக்கிறது சாகும், பெருகுகிற இடம் அப்படியே இருக்கும். டெங்கு கொசு முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாசக்கணக்கில் கிடக்கும், அதனால் தொட்டியைக் காலிசெய்தால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும், வாரம் ஒருமுறை. தேங்காய்த் தொட்டியும் இளநீர்க் கூடும் வாய் மேலே பார்த்துக் கிடந்தால் மழைக்கு ஒவ்வொன்றும் ஒரு குளம். கவிழ்த்துப் போட ஊராட்சி வர வேண்டியதில்லை.

மாமனிடம் மட்டும் வாதம் செய்யாதீர்கள். அவர் தோப்பிலேயே ஓர் ஓலையை அறுத்து, லென்ஸை அவர் கையில் கொடுத்து, பத்துக் கூட்டில் எத்தனை கறுப்பு, எத்தனை வட்ட ஓட்டை என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள், லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து ஓலையைக் கிட்டக் கொண்டுவந்தால்தான் தெரியும். பத்தில் நாலைந்து அப்படி இருந்தால் அவருக்கும் மருந்து வேண்டாம். ஒன்றுகூட இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், என் கிழக்குத் தோப்பு ஓலையில் குளவி நிறைய இருக்கிறது, கல்வாழைக் கிழங்கும் இருக்கிறது. ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோய்விடலாம், சாயங்காலமாக வாருங்கள், வெயிலில் எடுத்துப்போனால் உடுமலை போவதற்குள் குளவி செத்துவிடும்.